காலிக் கோட்டையும் மும்மொழிக் கல்லும்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என்னைப்போன்ற பலருக்குக் காலி என்பது சமூகக்கல்விப் புத்தகத்தில் வரும் ஒரு பெயர் மட்டுந்தான். ரொறொன்ரோ வந்து, அகதி வழக்கு முடிந்து, குடியுரிமையும் எடுத்தபிறகு, கனடியக் கடவுச்சீட்டோடு உல்லாசப் பயணியாகத்தான் பிறந்த நாட்டின் தென்கரையைப் பார்க்கக் கிடைத்தது. இதைத் துக்கம் என்பதா பகிடி என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

கொழும்பிலிருந்து கரையோர ரயிலில் ஏறத்தாழ 115 கிலோமீற்றர். கோட்டையை ஆறுதலாகச் சுற்ற ஒரு பகல் போதும். 1588 இல் போர்த்துக்கேயர் அரண் கட்டினார்கள். 1640 இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெரிதாக்கினார்கள். பழைய வாசலின் உட்பக்கத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் அதே வாசலில் பிரித்தானிய முடியின் சின்னம். மதிலின் மேலால் நடந்தால் 1939 இல் கட்டிய வெளிச்சவீடு வரும். அதற்கு முன்னால், தேவாலயமோ என்று நினைக்கவைக்கும் வெள்ளைப் பள்ளிவாசல். 1755 இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயத்தின் தரையில் கல்லறைக் கற்கள். 2004 ஆழிப்பேரலை வெளியேயிருந்த பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் அள்ளியபோது, உள்ளேயிருந்தவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றியது இந்த மதில்தான்.

ஆனால் காலியில் கிடைத்தவற்றில் எங்களை அதிகம் யோசிக்கவைக்க வேண்டியது இப்போது கோட்டைக்குள் இல்லை. கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1911 இல் ஒரு பொறியியலாளர், வீதியோர மதகொன்றை மூடியிருந்த கல்லில் எழுத்துகளைக் கண்டார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். மிங் பேரரசின் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. அதிலுள்ள திகதி 1409 ஆம் ஆண்டுக்குரியது. சீனாவிலேயே வெட்டிக் கப்பலில் ஏற்றிவந்தார்கள் என்பது ஆய்வாளர் கருத்து.

சீனப்பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப்பகுதி, தேய்ந்துபோனாலும், இசுலாத்தைச் சார்ந்தது. தமிழ்ப்பகுதி போற்றுவது தென்முனையில், இன்றைய தெவிநுவரவில், கோயில்கொண்டிருந்த தேனாவரை நாயனாரை. இவரைத் திருமாலாகக் கொள்வர். காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீள்கிறது. மூன்று பேருக்கும் சமமான மரியாதை!

இந்தக் கல்லைக் காட்டி "பார்த்தாயா, தெற்கும் எங்களுடையதுதான்" என்று சொல்ல எங்களில் சிலருக்கு நாக்குத் துடிக்கும். கல்லில் சிங்களம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அதைவைத்து அங்கே சிங்களவர் இல்லை என்று வாதாடினால், சீனம் இருப்பதால் காலி சீனருடையது என்றும் ஒத்துக்கொள்ள வேண்டிவரும். கல் சொல்வது வேறு. இந்துசமுத்திரத்துத் துறைமுகமொன்றில் தன் பேச்சு எடுபட வேண்டுமானால் தமிழிலும் எழுதவேண்டும் என்று அந்தத் தளபதிக்குத் தெரிந்திருந்தது. தமிழ் அங்கே தனியே நிற்கவில்லை. வணிகரோடும் மாலுமிகளோடும் மற்ற மொழிகளுக்குப் பக்கத்தில் நின்றது. ஸ்காபரோவில் சீன, தமிழ்க் கடைப்பலகைகளை ஒரே வளவில் பார்க்கும் எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல.

அந்தக் காலம் பொற்காலம் என்று நினைக்கவும் வேண்டாம். 1411 இல் அதே செங் ஹே படையெடுத்து அழகக்கோனார் என்ற ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். 1588 இல் போர்த்துக்கேயர் தேனாவரைக் கோயிலை இடித்தார்கள். இன்று அவ்விடத்தில் விஷ்ணு கோயிலும் பௌத்த விகாரையும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன.

எங்கள் வரலாற்றை வடக்கு கிழக்கு என்ற எல்லையோடு படித்துப் பழகிவிட்டோம். அங்கே பட்ட காயம் அப்படி. என்றாலும் எங்கள் மொழி நடமாடிய உலகம் அதைவிடப் பெரியது. அடுத்தமுறை ஊருக்குப் போகிறவர்கள் காலிக்கு ஒருநாள் ஒதுக்குங்கள், கொழும்பு நூதனசாலைக்கும் ஒரு மணித்தியாலம். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் வரிகளைக் காட்டுங்கள். பக்கத்திலிருக்கும் மற்ற இரண்டு மொழிகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.