பள்ளி ஜன்னல்களில் இயற்கைவழி வடிவமைப்பு (புதுக்கோட்டை மாவட்டம்)

செடிகொடிகளும் உயிரினங்களும் வெயிலையும் காற்றையும் சமாளிக்கும் விதத்தைப் பார்த்து ஜன்னல்களை அமைத்து, விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஆகும் மின்சாரத்தைக் குறைக்கும் முறை இது. உலக அளவில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையம். அதன் கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் கறையான் புற்றை முன்மாதிரியாகக் கொண்டார். இரவுக் காற்றில் குளிரும் கான்கிரீட் பகலில் அறைகளின் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

புதுக்கோட்டையில் முதலில் பார்க்கவேண்டியது திசை. ஏறத்தாழ 10.4 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இங்கே உச்சிவெயில் வடக்கே சாயும். மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பரிலும் நண்பகல் சூரியன் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். ஆகவே வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேடு பெரும்பாலும் போதும். சிக்கல் கிழக்கிலும் மேற்கிலும்தான். காலையிலும் பிற்பகலிலும் சாய்வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து பெஞ்சு வரை வந்துவிடும், கரும்பலகை கூசும். உடனே ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு டியூப்லைட்டைப் போடுவார்கள். பட்டப்பகலில் விளக்கெரிய இதுவே முக்கியக் காரணம்.

வெயிலைச் சமாளிக்கும் உத்திகளைச் செடிகளிடமே பார்க்கலாம். மாவட்டத்தில் பரவலாக வளர்க்கப்படும் தைலமரத்தின் முதிர்ந்த இலைகள் செங்குத்தாகத் தொங்கி, உச்சிவெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டுகின்றன. வேலியோரச் சதுரக்கள்ளியின் துருத்திய விளிம்புகள் அதன் தண்டுக்கே நிழல் தருகின்றன. வகுப்பறையின் நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படியும் குட்டைச் சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும்படியும் வைப்பது முதல் உத்தியைச் சார்ந்தது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே செங்குத்துப் பலகைகளை நிறுத்துவது இரண்டாவதை.

காற்றுக்கு முன்மாதிரி தேடி ஹராரே வரை போகவேண்டியதில்லை. திருமயம் வட்டாரத்துச் செட்டிநாட்டு வீடுகளில் வெப்பக்காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போகிறது. பள்ளியில் கூரையை ஒட்டிய வென்டிலேட்டர் அந்த வேலையைச் செய்யும். ஆனால் சாயங்காலம் பள்ளியைப் பூட்டும்போது எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் பகல் சூடு அப்படியே உள்ளே தங்கும். வென்டிலேட்டர்களுக்குக் கம்பியும் வலையும் அடித்து இரவிலும் திறந்தே வைக்கவேண்டும்.

குளிர்சாதனம் இல்லாத அரசுப் பள்ளியில் மின்கட்டணச் சேமிப்பு பெரிதாக இராது. மின்சாரம் நின்றுபோன வெயில்காலப் பிற்பகலிலும் பிள்ளைகள் புழுங்காமல் உட்கார முடிவதே இதன் பெரும்பயன். ஏற்கெனவே மேற்கு பார்த்து நிற்கும் வகுப்பறைகளுக்குச் செங்குத்துப் பலகைகளோடு, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நட்ட வேம்பும் உதவும்.