முத்தின் பருமனும் மாறும் விருப்பும்

முத்தின் பருமன் பற்றிய விருப்பம் அவரவர் மனத்தைப் பொறுத்தது என்பர். மன்னார் முத்துக்குளிப்பின் வரலாற்றை நோக்குவார்க்கு இக்கூற்று முழுவதும் பொருந்தாது. ஆங்குக் கிடைத்தவற்றுட் பெரும்பாலானவை சிறுமுத்துக்களே. வணிகர் 20 முதல் 1000 வரை துளைகளுடைய பத்துப் பித்தளைச் சல்லடைகளால் அவற்றைத் தரம் பிரித்தனர். துளை மிகுந்தோறும் முத்துச் சிறுக்கும். கடைசியில் எஞ்சும் தூளுக்கும் விலை உண்டு! பெருமுத்து அரிதாதலின் செல்வர்க்கே உரியதாயிற்று; ஏனையோர் சிறியவற்றைக் கோத்து மகிழ்ந்தனர். 1917இல் நியூயோர்க்கில் இரட்டைவட முத்துமாலை ஒன்று மாளிகைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது. அதன் மதிப்புப் பத்து இலட்சம் டொலர். பின்னர் யப்பானில் மிக்கிமோட்டோ முதலியோர் வளர்த்த உருண்டை முத்துக்கள் சந்தையை நிறைத்தன. 1957இல் அம்மாலை ஏறத்தாழ ஒன்றரை இலட்சத்துக்கே ஏலம்போயிற்று. சிறுமுத்தோடு அமைந்த பாட்டியரின் பேத்தியர் பருமுத்து மாலையை நாடியதும் அவ்வாறு விலை இறங்கிய பின்னரே.