அலிபிரி வழி ஏறிய பாடகர்

பண்டிகை தோறும் அலிபிரியில் தேங்காய் உடைத்து மலையேறும் நம் காலனிக் குடும்பத்தார், அவ்வழியே முன்னர் ஏறிய ஒரு பாடகரை அதிகம் அறிந்தோமில்லை. பொது நூல்நிலையத்தில் ஏதோ தேடப்போய்த் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் தொகுதிகளைக் கண்டோம். தெலுங்கை எழுத்துக்கூட்டி வாசிக்கும் நமக்கு, ஓய்வு நாட்களெல்லாம் அவற்றிலேயே கழிந்தன.

அவர் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். பாலப் பருவத்திலேயே மலை நாடி வந்தாரென்றும், 32,000 கீர்த்தனங்கள் இயற்றினாரென்றும் அவர்தம் பேரர் சின்னண்ணா எழுதிய சரிதம் கூறும். செப்பேடுகளில் பொறிக்கப்பெற்ற பாடல்கள், திருமலைக் கோயிலில் உண்டியலுக்கருகே ஒரு சிற்றறையில் நூற்றாண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தன. (எத்தனை முறை அவ்விடத்தைக் கடந்து காணிக்கை செலுத்தியிருப்போம்!) 1922-இல் அவை வெளிவந்தபோது எஞ்சியிருந்தவை 12,000-க்கு மேல். வேடூரி பிரபாகர சாஸ்திரியார் முதலியோர் அவற்றைப் பதிப்பித்தனர்.

ஆயின் ஏடுகளில் ராகத்தின் பெயருண்டு, சுரமில்லை. சொல் பிழைத்தது, மெட்டு மாண்டது. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் புதிதாக மெட்டமைத்துச் சுரப்படுத்தினர். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி, நம் இல்லங்களில் விடியலில் ஒலிக்கும் அன்னமய்யா மெட்டுகள் இருபதாம் நூற்றாண்டினவே. இதையறிந்த அன்று நமக்குச் சிறிது ஏமாற்றந்தான்.

ஆபாலி, அமரசிந்து, கொண்டமலகரி என்னும் ராகப் பெயர்களை ஏட்டிலுள்ளவாறே குறித்துக்கொண்டு, நம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் வித்துவானிடம் காட்டினோம். அவர் தம்பூராவை மீட்டியபடி நெடுநேரம் யோசித்தார். பின்னர் தாளை மடித்து நம்மிடமே தந்துவிட்டார்.