ஹஜ்ஜுப் பாதையில் வந்த காய்ச்சல்

விமானத்தில் ஏறிச் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடும் இக்காலத்தில், ஹஜ்ஜுப் பயணம் ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்தது என்று சொன்னால் நம் பிள்ளைகள் வியப்படைவார்கள். கால்நடையாகவும் இளைத்த ஒட்டகங்களின் மீதும் மக்கள் வருவர் என்று திருமறையின் 22-ஆம் அத்தியாயமே எடுத்துரைக்கின்றது. ஒட்டகமே இளைத்துப்போகும் பாதையில் மனிதன் இளைக்காமல் இருப்பானா? அப்பாதையில் கள்வருக்கு நிகராக மக்களை வாட்டியவை காய்ச்சலும் களைப்புமே. அவற்றை முன்னோர் எங்ஙனம் தாங்கினர் என்பதை அறிய, உலகம் சுற்றிய இப்னு பதூதாவின் முதற் பயணத்தைக் காட்டிலும் நல்ல சான்று வேண்டியதில்லை.

ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், அதாவது 1325 ஜூனில், மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து அவர் தன்னந்தனியே புறப்பட்டார். வயது 21. வழியில் தூனிஸ் மன்னரின் தூதர் இருவருடன் சேர்ந்துகொண்டார். மில்யானா நகரை அடைந்தபோது கோடை வெம்மை தாளாமல் தூதர் இருவரும் நோயுற்றனர். பத்து நாள் அங்கே தங்கியும் பயனில்லை. மீண்டும் புறப்பட்ட சிறிது தொலைவிலேயே அவருள் ஒருவராகிய காஜியார் உயிர் துறந்தார். பயணத்தின் தொடக்கத்திலேயே அந்த இளைஞர் கண்ட காட்சி இது.

பின்னர் வணிகர் கூட்டமொன்றுடன் பிஜாயா வந்து சேர்ந்தார். அங்கே அவரையும் காய்ச்சல் பற்றியது. உடன் வந்த அபூ அப்துல்லாஹ் அஸ்ஸுபைதி என்னும் பெரியவர், உடல் தேறும்வரை அவ்வூரிலேயே தங்கிவிடுமாறு அறிவுரை கூறினார். இளைஞர் இணங்கவில்லை. இறைவன் மரணத்தை விதித்திருந்தால், ஹிஜாஸை நோக்கிய வழியிலேயே அது வரட்டும் என்பது அவருடைய விடை. பெரியவர் அதற்குமேல் வாதாடவில்லை. “அப்படியானால் உன் வாகனத்தையும் பாரச் சுமைகளையும் விற்றுவிடு, வாகனமும் கூடாரமும் நான் இரவலாகத் தருகிறேன்” என்ற பொருள்படக் கூறினார். வழிப்பறிக்கு அஞ்சி விரைந்து செல்ல வேண்டிய கூட்டம் அது. நோயாளி சுமையைக் குறைத்தாலன்றி உடன் செல்ல இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

குஸன்தீனா நகருக்கு வெளியே தங்கிய இரவில் கடும் மழை பெய்தது. கூடாரங்களை விட்டு வீடுகளில் ஒதுங்க நேர்ந்தது. மறுநாள் வந்த அவ்வூர் ஆளுநர், மழையில் அழுக்கேறிய அவருடைய ஆடைகளைக் கண்டு, அவற்றைத் துவைத்துத் தரச் செய்தார். நைந்துபோன மேலாடைக்கு மாற்றாக பஅல்பக் நகரத்துத் துணியொன்றைக் கொடுத்தார். அதன் முனையில் இரண்டு பொற்காசுகள் முடிந்திருந்தன. பயணத்தில் தமக்குக் கிடைத்த முதல் உதவி அதுவே என்று இப்னு பதூதா நினைவு கூர்கிறார்.

பூனாவைக் கடந்தபின் காய்ச்சல் மீண்டும் கடுமையாகியது. வாகனத்தில் அமர்ந்திருக்கவும் வலுவில்லை; வழிப்பறிக்கு அஞ்சி இறங்கி இளைப்பாறவும் வழியில்லை. தம் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து, விழுந்துவிடாதபடி தம்மைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர் தூனிஸ் வரை சென்றார்.

தூனிஸில் ஊர் மக்கள் எதிர்வந்து, தத்தமக்கு அறிமுகமானவர்களுக்கு ஸலாம் உரைத்து நலம் விசாரித்தனர். அவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. காய்ச்சலுக்கும் மழைக்கும் அழாதவர் அங்கே தாங்கமாட்டாமல் கண்ணீர் விட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகே வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை பேசிக்கொண்டே உடன் வந்தார்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்த இளைஞரின் பிடிவாதம் போற்றத்தக்கதா? சென்றடைய ஆற்றல் பெற்றவர் மீதே ஹஜ்ஜு கடமையாகும். நோயாளியும் பயணியும் நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம். தண்ணீர் தீங்கு செய்யுமெனில் தயம்மும் போதும். உடலை வதைத்துக்கொள்ளுமாறு மார்க்கம் பணிக்கவில்லை. ஆகவே ஸுபைதி அவர்களின் முதல் அறிவுரையே சரியானது எனலாம். ஆயினும் இளைஞர் பிழைத்தது தம் மனத்திண்மையால் மட்டுமா? இரவல் கூடாரமும், துவைத்த ஆடையும், ஒரு ஸலாமும் அல்லவா அவரைக் கொண்டு சேர்த்தன! 1326-ஆம் ஆண்டில் அவர் தம் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

பல்லாண்டுகள் கழித்து, 1344-இல், அவர் நம் பகுதிகளுக்கும் வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி தந்த துணைவர்களோடு பாவா ஆதம் மலைக்குச் சென்றார். வழியில் மரத்திலும் புல்லிலுமிருந்து தாவி ஒட்டிக்கொள்ளும் அட்டைகளைப் பற்றியும், அவற்றின் மீது பிழிய மக்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருப்பதைப் பற்றியும் அவர் எழுதுகிறார். உச்சிக்குச் செல்வோர் தம் பொருள்களைக் கிள்ரு குகையில் இறக்கி வைத்துவிட்டே ஏறுவராம். பிஜாயாவில் பெரியவர் சொன்ன பாடம் அங்கே மக்களின் வழக்கமாகவே இருந்தது.

பிறகு மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தபோது அவரையும் கொடிய காய்ச்சல் பற்றியது. இதுவே முடிவு என எண்ணினார். அங்கே மிகுதியாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு இளகிப் போயிற்று. இறையருளால் நோயும் நீங்கியது. அரபியர் இந்தியப் பேரீச்சை என்று பெயரிட்டழைத்த அப்பொருள் நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் அதே புளிதான்.

தம் பயணங்களை அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதி முடித்தது 1355-இல். எத்தனையோ அரசவைகளையும் செல்வங்களையும் கண்டு வந்தவர், முப்பதாண்டு கழிந்தும் தூனிஸ் வாயிலில் கேட்ட ஒரு ஸலாமை மறக்கவில்லை. இன்றும் மினாவின் கூடாரங்களில், மொழி தெரியாமல் காய்ச்சலோடு ஒதுங்கிக் கிடப்போர் உண்டு. ஹஜ்ஜுக்குச் செல்லும் நம்மவர் அத்தகையோரைக் கண்டால், முதலில் ஒரு ஸலாம் சொல்லட்டும். பிறகு தண்ணீர் வேண்டுமா என்று கேட்கட்டும்.