சொற்கள் சுற்றத்தோடு வாழ்ந்த காலம்

19ஆம் நூற்றாண்டின் இறுதி வரையில் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில், ஆத்திசூடியையும் எண்சுவடியையும் கடந்து மேலே படிக்கப் புகுந்த பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் எடுத்துக் கொடுத்த நூல்களுள் நிகண்டு முக்கியமான ஒன்று. பொருள் முற்றும் விளங்குவதற்கு முன்பே, சட்டாம்பிள்ளை அடியெடுத்துச் சொல்ல மற்றப் பிள்ளைகள் ஒருமித்த குரலில் திருப்பிச் சொல்லி, செய்யுள் செய்யுளாக அதை நெட்டுருச் செய்தார்கள். ஏட்டுச் சுவடி எழுதுவதும் பெறுவதும் பெருஞ்சிரமமாக இருந்த அக்காலத்தில், காப்பியம் படிக்கவும் கவி பாடவும் வேண்டிய சொற்களஞ்சியத்தை ஞாபகத்திலேயே சேமித்து வைப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. இன்று அந்த வழக்கத்தை வெறும் கிளிப்பாடம் என்று தள்ளுவோர் பலர். அது நம் மொழிக்குச் செய்த உபகாரம் பெரிது என்பதே என் துணிபு.

நமக்குக் கிடைத்த நிகண்டுகளுள் மிகப் பழையது, அம்பர் நகரத்துச் சேந்தன் என்னும் வள்ளலின் ஆதரவில் திவாகரர் இயற்றியதும், அதனால் சேந்தன் திவாகரம் என்றே பெயர் பெற்றதுமான நூல். பிங்கலர் இயற்றிய பிங்கலந்தை அதற்குப் பின் எழுந்தது. இவ்விரண்டும் நூற்பாவால் ஆனவை. பின் வந்தோர் மனனத்துக்கு இன்னும் இசைவான யாப்பைத் தேடினர்: காங்கேயர் உரிச்சொல் நிகண்டை வெண்பாவிலும், கயாதரர் தம் நூலைக் கட்டளைக் கலித்துறையிலும், சமண முனிவராகிய மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்திலும் செய்தார்கள். ஓசை நயத்தால் சூடாமணியே பள்ளிப் பிள்ளைகளின் நாவில் நிலைபெற்றது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குச் சென்றபோது அச்சிட்டு வெளிப்படுத்திய நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்றாக இருந்ததே அதன் செல்வாக்குக்குத் தக்க சான்று.

திவாகரம் சொற்களை வைத்த முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று தொடங்கி, பண்பு, செயல், ஒலி இவற்றைப் பற்றிய பெயர்களுக்குச் சென்று, ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் தொகுதியையும், பல பொருள்களின் கூட்டத்துக்கு ஒரு பெயர் கூறும் தொகுதியையும் இறுதியில் வைத்துப் பன்னிரண்டு தொகுதிகளாக அது அமைந்தது. உலகம் எவ்வாறு பகுக்கப்பட்டிருப்பதாக அந்த ஆசிரியர் கண்டாரோ அவ்வாறே சொற்களையும் பகுத்தார். ஆகையால் ஒவ்வொரு சொல்லும் தன் சுற்றத்தார் நடுவிலேயே வாழ்ந்தது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. நிகண்டு ஒரு பொருட்சொற்களை ஒரு வரிசையில் நிறுத்துமே அன்றி, அவற்றுள் எது எங்கே செல்லும் என்று சொல்லாது. மரம், யானை, மலை போன்றவற்றின் பெயர்களுக்கு இதனால் பெரிய இடர் இல்லை. வினைகளுக்கு வரும்போதுதான் இடர் புலப்படும். விரிதல் என்னும் செயலையே எடுத்துக்கொள்வோம். அகலுதல், பரத்தல், மலர்தல், அலர்தல் ஆகியவை அதன் சுற்றத்தார். விஸ்தரித்தல், வியாபித்தல் என்பவை வடமொழியிலிருந்து வந்து கலந்த உறவினர். கவி பாடுவோன் எதுகைக்கு ஏற்ற ஒன்றை எடுத்துக்கொள்வான். ஆனால் வீட்டிலும் வயலிலும் பேசுவோர் அவ்வாறு மாற்றி எடுப்பதில்லை. பாயை விரிக்கிறார்கள், நெல்லைக் களத்தில் பரப்புகிறார்கள், சாலையை அகலப்படுத்துகிறார்கள், கடையை விஸ்தரிக்கிறார்கள். விருந்தினரைக் கண்டால் முகம் மலரும், விரியாது. வதந்தி பரவும், மலராது. சுவர் விரிந்தது என்றாலோ அது வளர்ச்சியன்று, வீட்டுக்காரன் கொத்தனாரை அழைத்துவர வேண்டிய ஆபத்து. பூ இதழ் விரிதலைக் குறிக்கும் அலர் என்னும் சொல்லே, சங்கப் பாடல்களில் ஊரார் வாயில் விரிந்து பரவும் பழிமொழிக்கும் பெயராயிற்று. இந்த நுட்பங்களை எந்தச் சிறுவனும் நிகண்டில் படித்து அறியவில்லை. தாயின் பேச்சைக் கேட்டே அறிந்தான், அதனால் அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணமும் நெடுங்காலம் யாருக்கும் எழவில்லை.

சொல்லைத் தேடும் வழி மாறத் தொடங்கியது 1594இல், சிதம்பர ரேவண சித்தர் முதலெழுத்தின் வரிசையில் அகராதி நிகண்டைச் செய்தபோது. அதற்கு முன் சூடாமணியின் பதினோராந் தொகுதியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அது இரண்டாம் எழுத்தாகிய எதுகையைப் பற்றிச் சென்றது. பாட்டை மனத்தில் கொண்டவனுக்கு எதுகையும், ஏட்டைக் கையில் கொண்டவனுக்கு முதலெழுத்துமே வழி காட்டும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். செய்யுளைக் கைவிட்டு, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவுகளில் பழைய நிகண்டுகளின் செல்வத்தை அகர வரிசையில் அமைத்த அந்த இத்தாலியத் துறவியார், ஒரு பொருட்சொற்களுக்கென்று பொருளகராதியைத் தனியே வைத்ததால், சுற்றத்தை முற்றும் கலைத்துவிடவில்லை. அவருடைய விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்நூல் 1824இல் சென்னையில் முழுமையாக அச்சேறியது.

பேச்சு வழக்கைப் பதிந்து வைக்கும் முயற்சியும் பெரும்பாலும் புறத்தேயிருந்து வந்தவர்களாலேயே தொடங்கிற்று. தாய்மடியில் மொழியைக் கற்காதவர்களுக்குப் பாய் எதனோடு சேரும், நெல் எதனோடு சேரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருந்தது. வீரமாமுனிவரே கொடுந்தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1779இல் வேப்பேரியில் அச்சான பப்ரீசியசின் தமிழ்-ஆங்கில அகராதி, தலைச்சொல்லின் கீழ் அது வழங்கும் தொடர்களையும் சேர்த்துக் கொடுத்தது. 1862இல் வின்சுலோவின் பேரகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு வெளிவந்தது. அதன் பின்னே யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களின் உழைப்பும் இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, பின் அநுபந்தமும் பெற்று, 1,17,762 சொற்களைக் கொண்டு நிற்கிறது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளையும் அவருடைய குழுவினரும், இலக்கிய மேற்கோளோடு, பேச்சு வழக்கு என்றும் வட்டார வழக்கு என்றும் அடையாளமிட்டுக் கொடுத்த பொருள்கள், முந்தைய நிகண்டாசிரியர் எவரும் செய்யாத தொண்டு. ஆனால் அங்கே விரிதல் வகரத்திலும், அகலுதல் அகரத்திலும், மலர்தல் மகரத்திலும் தனித்தனியே இருக்கின்றன. இவற்றை மறுபடி ஓரிடத்தில் கூட்டி, ஒவ்வொன்றும் எந்தப் பொருளோடு எந்த ஊரில் எவ்வாறு வழங்குகிறது என்று கூறும் வினைநிகண்டு ஒன்றைத் தமிழ்ப் பண்டிதர்கள் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய சாட்சிகளாகிய உழவரும் நெசவாளரும் மீனவரும், தம் தொழிற்சொற்களை இன்னும் மறவாமல், நம்மிடையே இருக்கிறார்கள்.