கொத்தனாரும் தையல்காரப் பொண்ணுங்களும்

மோரிஸ் டான்ஸ் பார்த்திருக்கீங்களா? வெள்ளைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே வரிசையா மணி (நம்ம சலங்கை மாதிரி), கையில் கைக்குட்டை. ஆறு பேர் எதிரெதிரா நின்னு குதிச்சு ஆடுற இங்கிலாந்து கிராமத்து ஆட்டம். அந்த ஊர்க்காரங்களே கிண்டல் பண்றதுண்டு. ஆனா அது பிழைச்சு வந்த கதை இருக்கே...

1899 டிசம்பர் 26. ஆக்ஸ்போர்டு பக்கத்துல ஹெடிங்டன். செசில் ஷார்ப்ங்கிற இசை ஆசிரியர் மாமியார் வீட்டுக்கு வந்திருக்கார். வாசல்ல ஒரு ஆட்டக் கோஷ்டி. வழக்கமா மே, ஜூன் வாக்குல ஆடுறவங்க. குளிர்ல கட்டட வேலை கிடைக்காததால நாலு காசு பார்க்கலாம்னு கிளம்பியிருந்தாங்க. கான்சர்டினா வாசிச்சவர் வில்லியம் கிம்பர். கொத்தனார், 27 வயசு (கிட்டத்தட்ட என் வயசு!). மறுநாள் அவரை வரவழைச்சு மெட்டுகளை எழுதிக்கிட்டார் ஷார்ப்.

வழக்கமா கதையை இதோட முடிச்சு, ஆட்டத்தை மீட்டவர் ஷார்ப்னு சொல்லிடுவாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. எழுதின மெட்டு நோட்டுல கிடந்தது. யாரும் ஆடலை.

1905ல மேரி நீல் வந்தாங்க. லண்டன்ல தையல் வேலை பார்த்த ஏழைப் பொண்ணுங்களுக்காக எஸ்பெரான்ஸ் கிளப் நடத்தினவங்க. ஷார்ப்கிட்ட விசாரிச்சு, நேரா ஹெடிங்டன் போய், கிம்பரையே லண்டனுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பொண்ணுங்க சட்டுனு கத்துக்கிட்டாங்க. அப்புறம் இங்கிலாந்து முழுக்க ஊர் ஊராப் போய் அவங்கதான் டீச்சர்!

பிறகு சண்டை. அடவு அப்படியே பிசகாம இருக்கணும்னு ஷார்ப். சந்தோஷமா ஆடினாப் போதும்னு நீல். 1911ல ஷார்ப் தனிச் சங்கமே ஆரம்பிச்சிட்டார். முதல் உலகப் போர்ல எஸ்பெரான்ஸ் கிளப்பும் மூடியாச்சு. ஷார்ப்பும் தப்பலை. அவரோட ஆட்டக்குழுவில் பட்டர்வொர்த், லூகாஸ், டிட்டி, வில்கின்சன்னு நாலு பேர் 1916ல போரில் செத்தாங்க. போருக்கு அப்புறம் சொல்லிக்கொடுத்து ஆட்டத்தை ஓட்டினதில் பெரும்பங்கு பெண்களுக்குத்தான்.

அதுக்கு நன்றிக்கடன் என்ன தெரியுமா? 1934ல 'மோரிஸ் ரிங்'னு சங்கம் வச்சு, ஆண்கள் மட்டும்னுட்டாங்க. பாரம்பரியமாம்! 1975ல பெண்கள் தனியா ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. ரிங் கதவைத் திறந்தது 2018ல.

கிம்பர் 1961 வரைக்கும் இருந்தார். அதே ஹெடிங்டன்தான்.