ஈதர்நெற்றின் எல்லை

வலையமைப்பொன்றை விரிவாக்குதல் கம்பியை நீட்டும் கருமம் மட்டுமன்று. 1973ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் செறொக்ஸ் ஆய்வு நிலையத்தில் றொபேட் மெற்காவ் வகுத்து, டேவிட் பொக்ஸுடன் இணைந்து உருவாக்கிய ஈதர்நெற் முறையில், கணினிகள் யாவும் ஒரே கம்பியைப் பகிர்ந்தன. இரு கணினிகள் ஒரே வேளையில் அனுப்பின் செய்திகள் மோதும். மோதலை உணர்ந்தவை சற்று ஓய்ந்து மீண்டும் முயலும்.

1990இல் முறுக்கிய இணைக்கம்பியும் 'ஹப்' எனும் மையக்கருவியும் நியமம் பெற்றன. கம்பியொன்றின் நீளம் 100 மீற்றர். ஆதலின் பெருங்கட்டடங்களில் ஹப்புகளை ஒன்றோடொன்று தொடுத்தனர். ஆயின் ஹப் வந்த சைகையைப் புதுப்பித்து எல்லா வாயில்களுக்கும் அனுப்புமேயன்றி, எது யாருக்குரியதெனப் பகுத்தறியாது. எத்தனை தொடுப்பினும் அவை ஒரே கம்பியே. செக்கனுக்கு 10 மெகாபிற் வேகத்தில், மிகச் சிறிய 64 பைற்றுச் செய்தியை அனுப்பி முடிக்க 51.2 மைக்குரோசெக்கன் செல்லும். தொலைவில் நேர்ந்த மோதலின் அறிகுறி அதற்குள் திரும்பி வாராவிடின், அனுப்பிய கணினி இழப்பை அறியாது. எனவே இரு கணினிகளுக்கிடையே நான்கு ஹப்புகளுக்கு மேல் ஆகாதென விதித்தனர். இவ்விதி நிருவாகிகளின் மனப்போக்கன்று, காலத்தின் கட்டளை.

முகவரி பார்த்து அனுப்பும் 'பிறிட்ஜ்' கருவி மோதலைப் பகுதிகளுக்குள் அடக்கியது. ஆனால் வளையமாகத் தொடுப்பின் செய்தி ஓயாது சுழலும். மிகையான இணைப்புகளை ஓய்வில் வைத்து மரவடிவாக்கும் வழியை றாடியா பேள்மன் 1985இல் கண்டார். அதனைச் செய்யுளாகவும் எழுதினார். அவ்வழி வந்த 'சுவிற்ச்' மலிவானபோது ஹப் வழக்கொழிந்தது.